கந்தளாய்க் குளத்துக்கு ஒரு மலிவு விடுமுறை

உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என் வீட்டு வாசலில் நின்றால் தெரியும். ஓர்ஸ் ஹில்லில் அரசாங்கம் தந்த வீடு. அப்படியிருக்க, தண்ணீர் பார்ப்பதற்காக லீவு போட்டு, வேன் பிடித்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்நாட்டுக் குளம் ஒன்றுக்குப் போனவனை வாசகர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் கந்தோரிலும் அதையேதான் நினைத்தார்கள். நினைத்தவர்களில் ஒருவர் கூடவே வந்தும் விட்டார்.

காரணம் என் மனைவி பாக்கியம். திருகோணமலையில் கடல் தெரியும் வீட்டில் இருப்பவனுக்கு உறவினர் குறைவதில்லை. யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் சனத்துக்குக் கோணேசர் மீது பக்தி பொங்குவது பள்ளிக்கூட விடுமுறையில்தான். கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, கடற்குளிப்பு என்று மூன்றையும் முடித்துக்கொண்டு, மூன்று மடங்கு பசியோடு எங்கள் வீட்டுக்கு ஏறி வருவார்கள். போகும்போது பாக்கியத்தின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். புகழ்ந்தவர்கள் அடுத்த விடுமுறைக்கும் வருவார்கள்.

அந்த வருடம் சித்திரை விடுமுறைக் கூட்டத்தின் கடைசி ஆளையும் பஸ் ஏற்றிவிட்டு வந்து, தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனேன். பாக்கியம் அகப்பையைப் பிடித்தபடி வெறும் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். துடைக்கவும் இல்லை.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. வெங்காயம் உரிச்சனான்."

வெங்காயம் விற்ற விலைக்கு எங்கள் வீட்டில் அதைக் கண்டு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். அவள் அகப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, எங்கயாவது போவம். நாலு நாள். நான் குசினிக்குள்ள காலே வைக்கக் கூடாது. வேற ஒண்டும் வேண்டாம் எனக்கு."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதற் பொருள் அது.

வெள்ளைக்காரக் கடற்படை ஊரை விட்டுப் போகும்போது நிறையச் சஞ்சிகைகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அவற்றில் நான் ஐரோப்பாவின் ஏரிக்கரைப் பட்டணங்களை வருடக்கணக்காகச் சுற்றியிருக்கிறேன். எந்தக் கோட்டையிலிருந்து எந்த ஏரி நன்றாகத் தெரியும் என்று சொல்லக் கூடிய ஒரே எழுதுவினைஞன் நானாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்நியச் செலாவணி இல்லாத நாட்டில் வெளிநாடு என்பது சஞ்சிகையோடு முடிந்துவிடும். பாக்கியம் கண்டியைச் சொன்னாள். கண்டியிலும் ஏரி உண்டு, சரித்திரம் உண்டு, குளிர் உண்டு. விசாரித்துப் பார்த்தேன். அறைவாடகையும் இருந்தது. எனவே கண்டியில் புறப்பட்ட திட்டம் கந்தளாயில் வந்து நின்றது. அங்கும் குளம் உண்டு, அரசன் கட்டியது, கோட்டைக்குப் பதில் குளக்கட்டு. முக்கியமாக, எங்கள் திணைக்களத்துக்குக் குளத்தருகே ஒரு சேர்க்கிட் பங்களா இருந்தது. உத்தியோகத்தர் குடும்பத்தோடு அங்கே தங்கிக்கொள்ளலாம். சமையலுக்கு ஒரு கீப்பரும் இருந்தார்.

"ஆர் சமைக்கிறது?" என்று பாக்கியம் கேட்டாள்.

"பியசேன எண்டு ஒரு கீப்பர். நல்ல கையாம்."

"நிச்சயமோ?"

"நிச்சயம்."

பேச்சு அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பயணம் போகிறவன் நெருங்கிய ஆட்களுக்குச் சொல்லாமல் போகக் கூடாது. சொன்னால், "நீங்களும் வாங்கோவன்" என்று கேட்காமல் விடவும் கூடாது. கேட்கப்பட்டவர், "சீச்சீ, நீங்கள் சந்தோஷமாப் போட்டு வாங்கோ" என்று சொல்ல வேண்டும். இரண்டு தரப்பும் மரியாதையோடு பிரிந்துவிடலாம். தலைமுறை தலைமுறையாக யாருக்கும் சேதமில்லாமல் நடந்துவந்த ஏற்பாடு இது.

எங்கள் கந்தோரின் பிரதம எழுதுவினைஞர் சதாசிவத்திடம் கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "அதுக்கென்ன ஐசே, வாறம்" என்றார்.

கந்தோர் விட்டு வந்தேன். மத்திய வீதியில் இருக்கும் என் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவவிடம் கேட்காமல் விட்டால் அதற்குப் பிறகு நான் இந்த ஊரில் இருக்க முடியாது.

"தம்பி வாயால கூப்பிட்டு நான் வராமல் விடுறதே?" என்றா அக்கா. "அத்தானும் லீவுதான்."

இரு குடும்பங்களும் பிள்ளைகளும் சேர்ந்தபோது, அக்கா இதில் உள்ள நன்மையையும் எடுத்துக் காட்டினா. அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. ஆளுக்கு இத்தனை கொத்துத்தான் என்று கணக்கு. "ஆள் கூடினால் அரிசி கூடும் தம்பி. வேன் காசும் பிரியும்." மறுத்துப் பேச முடியாத பொருளாதாரம். அதைப் பாக்கியத்திடம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பியசேன இவ்வளவு பேருக்கும் சமைப்பானோ?" என்றாள். அவன் என்ஜினியர்மாருக்கே சமைத்தவன் என்றேன்.

வேன் கிண்ணியாக் காசிம் நானாவுடையது. மற்ற நாட்களில் கருவாடு ஏற்றுவார்.

"மணம் ஒண்டும் இல்ல ஐயா. காத்து அடிச்சாப் போயிரும்."

"ஜன்னல் திறக்கேலாமல் கிடக்கு நானா. காத்து எங்கால வாறது?"

"ஓடக்குள்ள வரும்."

ஓடவில்லை. சீனன்குடாவில், எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில், கம்பி வேலியில் 'இங்கே நிற்கக் கூடாது' என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்த பலகைக்கு நேர் எதிரே வேன் நின்றது. விமானப்படைச் சிப்பாய் ஒருவன் துவக்கோடு வந்து சிங்களத்தில் சத்தம் போட்டான்.

"தம்பி, உவன் என்ன சொல்லுறான்?" என்றா அக்கா.

"இங்க நிக்கக் கூடாதாம்."

"ஆசையில நிக்கிறமோ எண்டு கேள்."

அரசாங்க வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நானும் சிங்களப் பரீட்சை எழுதித் தேறியவன். ஆனால் அந்தப் பாடத்தில் காணி ஆணையாளருக்குக் கடிதம் எழுதத்தான் சொல்லித் தந்தார்கள். எனவே, "எமது வாகனம் தற்காலிகமாகச் செயலிழந்துள்ளமையைத் தங்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்" என்று சொன்னேன். சிப்பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு துவக்கை முதுகில் கொழுவிவிட்டு வந்து வேனைத் தள்ளினான். அந்தப் பரீட்சையால் எனக்கு ஒரு சம்பள உயர்வும் இந்த ஒரு தள்ளலும் கிடைத்திருக்கின்றன.

எல்லோரும் தள்ளினோம். பாக்கியம் மட்டும் நல்ல சேலையோடும் கைப்பையோடும் றோட்டோரத்தில் நின்று பற்றைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேன் உறுமியதும் என் பக்கத்தில் ஏறி இருந்து, "இண்டைக்கு மத்தியானம் என்ன சாப்பாடாக்கும்?" என்றாள். மற்றவர்கள் அவளிடம் கேட்கும் கேள்வி. அவள் அதை ஒருவரிடம் கேட்டு நான் கேட்டதில்லை. புதுச் செருப்பை நடந்து பார்ப்பது போல இன்னொரு முறையும் கேட்டாள்.

பியசேன எங்களை ஏமாற்றவில்லை. மேசையில் சிவப்பரிசிச் சோறும், பருப்பும், மீனும், ஏதோ கீரையும் மூடி வைத்திருந்தான். பாக்கியம் கைகழுவிவிட்டு வந்து கதிரையை இழுத்தாள். அப்போது அக்கா குசினியைப் பார்க்கப் போனா.

திரும்பி வந்து, "இந்தச் சட்டியில முந்தி என்ன காய்ச்சினவன் எண்டு கேள்" என்றா.

நான் கேட்டேன். பொய் சொல்ல ஒரு நல்ல தருணம் அது. பியசேன நேர்மையானவன். "போன கிழமை வந்த மாத்தயாமார் மாட்டிறைச்சி கொண்டுவந்து காய்ச்சச் சொன்னார்கள். பிறகு சாம்பல் போட்டு நன்றாகக் கழுவினேன்" என்றான். நான் மொழிபெயர்க்கும்போது அதைத் தவறவிட்டிருக்கலாம். சதாசிவமும் சிங்களப் பரீட்சை தேறியவர்; முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

அக்கா மேசையை விட்டு விலகினா. "விரதம் பிடிக்கிற எனக்கு இது ஏலாது. பாக்கியம், நாங்கள் கொண்டுவந்த சட்டியில இண்டைக்கு மட்டும் ஒரு கை பார் பிள்ளை."

"அக்கா, அவ சமைக்க வரேல்லை."

"நான் என்ன, கல்லுடைக்கவே சொன்னனான்? ரெண்டு கறி."

சதாசிவம் பியசேனவின் மீனை ஒரு வாய் போட்டுப் பார்த்தார். "பிழையில்லை. ஆனா ஐசே, உங்கட மனிசியின்ர கை ஒண்டு இருக்கே..." என்று இழுத்தார். அவர் மனைவி, பிள்ளைகளுக்கு உறைப்புக் குறைத்து ஒன்று வைத்தால் நல்லது என்றா. அத்தான் யன்னலைப் பார்த்தார். பசி வந்தால் அவர் செய்வது அதுதான்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் நியாயமாக ஏதோ சொல்ல வாயெடுத்து, சதாசிவம் என் மேலதிகாரி என்பதும், அக்கா என் அக்கா என்பதும் ஞாபகம் வந்து, கடைசியில் தண்ணீர் குடித்தேன். அவள் கைப்பையை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு நல்ல சேலையோடே உள்ளே போனாள். பழஞ்சேலை அவள் கொண்டுவரவில்லை. பியசேன பின்கதவுப் படியில் போய் இருந்து சுருட்டுப் பற்றினான். அந்தப் பங்களாவில் விடுமுறை கிடைத்தது அவனுக்குத்தான்.

மறுநாள் நாங்கள் ஊர் பார்த்தோம். குளக்கட்டில் நின்றால் தண்ணீர் வானம் வரை போகிறது. கோணேசர் கோயில் வயல்களுக்காகக் குளக்கோட்டன் கட்டியது என்று நாங்கள் சொல்வோம். சிங்களவர் வேறு அரசனைச் சொல்வார்கள். அலை ஒருவருக்கும் பதில் சொல்லாமல் கல்லில் மோதிக்கொண்டிருந்தது. துறைமுகத்துத் தண்ணீருக்கு எப்போதும் எங்கோ போகிற அவசரம் இருக்கும். இந்தத் தண்ணீர் ஒரு வேலையும் இல்லாமல் கிடந்தது. கண்டி ஏரியில் அன்னம் நீந்தும் என்கிறார்கள். இங்கே எருமைகள் நீந்தின. ஒரு மரக்கட்டையைப் பார்த்து அக்காவின் மகன் முதலை என்றான். நாங்கள் சிரித்து முடிக்குமுன் கட்டை தண்ணீருக்குள் இறங்கியது.

கரும்பு வண்டிகள் சீனித் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த சந்தியில், சீனி இல்லாத தேநீர் குடித்தோம். கடைக்காரர் ஒரு முஸ்லிம். "சீனி கூப்பனுக்குத்தான் ஐயா. வாசம் வேணுமெண்டா வெளிய நிண்டு குடியுங்க, காத்தில இனிப்பு வரும்" என்றார். அன்று கடைகளில் சோறு விற்கக் கூடாத நாள். அவித்த மரவள்ளிதான் இருந்தது. "நல்ல காலம், எங்களுக்குப் பாக்கியம் இருக்கிறா" என்றார் சதாசிவம்.

வழியில் குளத்து மீன் வாங்கினார்கள். கடல் மீன் தின்று வளர்ந்த எங்களுக்கு அதில் சேறு மணக்கும். "புளி விட்டு நல்லாக் கழுவினால் போயிடும், பாக்கியத்திட்டக் குடு" என்றா அக்கா. தம்பலகாமத்துத் தயிர்ச் சட்டியும் வந்தது. பாக்கியம் அதை ஊற்றிக் கொடுத்தாள். அவளுக்குச் சட்டியின் அடி மிஞ்சியது.

சாப்பாடு அருமையாக இருந்தது. அதுதான் கொடுமை. கொஞ்சம் உப்புக் கூடியிருந்தாலாவது பியசேன மீண்டும் வேலைக்கு வந்திருப்பான்.

பின்னேரம் நான் குசினிக்குள் போனேன். அவள் மீன் செதிலைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தாள். குசினிக்கு இருந்த ஒரே யன்னல் காட்டுப்பக்கம் பார்த்தது.

"குளம் எந்தப் பக்கம் இருக்கு?" என்றாள்.

அவளைக் குசினியில் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்து வந்து, ஒரு நாள் முழுக்க நாங்கள் குளத்தைப் பற்றியே கதைத்திருந்தோம். நான் கையால் காட்டினேன். அவள் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அதற்கு மேல் தாங்காமல் முன்விறாந்தைக்குப் போய், "அக்கா, நாளைக்குப் பியசேனதான் சமைப்பான். பாக்கியம் லீவில வந்தவ" என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அக்கா அழத் தொடங்கினா. அம்மா இருந்திருந்தால் தன்னை ஒருவரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றா. அத்தான் எழும்பி உடுப்புப் பெட்டியைக் கட்டப் போனார். சதாசிவம் குடும்பம் அடுத்த அறைக்குள் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேளாதது போல் இருந்தது. பாக்கியம் வந்து, "மச்சாள், அழாதேங்கோ. அவர் விசர்க்கதை கதைக்கிறார்" என்று சமாதானம் செய்து, அக்காவுக்கு விருப்பம் என்று உழுந்து வடை சுட்டாள்.

படுக்கப் போகும்போது, விடியக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். "ஓம்" என்றாள். அக்கா மற்ற அறையிலிருந்து, காலமைக்குப் பிட்டு என்றா.

நான் எழும்பியபோது நன்றாக வெளித்திருந்தது. குசினியில் சத்தமில்லை. அடுப்புச் சாம்பல் குளிர்ந்து கிடந்தது. அலுமாரிக்கு மேலே கைப்பை இல்லை. பின்படியில் பியசேன இருந்தான்.

"நோனா எங்கே?" என்று கேட்டேன். நல்ல காலமாக அதற்குக் கடித நடை தேவைப்படவில்லை.

"முதல் பஸ்ஸில் போய்விட்டா மாத்தயா. அதற்கு முன் குளத்தைக் காட்டச் சொன்னா. கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெயில் வரும் வரைக்கும் நின்று பார்த்தா. பிறகு பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டேன்."

"அவவுக்குச் சிங்களம் தெரியாதே. உனக்குத் தமிழ் தெரியாது. எப்படிக் கதைத்தீர்கள்?"

"கதைக்கவில்லை மாத்தயா. கையைக் காட்டினா. போனோம்."

அக்காவிடம் போய்ச் சொன்னேன். பாய் சுருட்டிக்கொண்டிருந்தவ நிமிர்ந்து, "மா குழைச்சு வைச்சிட்டோ போனவ?" என்றா.

இல்லை என்றேன். அரிசிமா கொண்டுவந்த பையில் அப்படியே கிடந்தது. அக்கா பையைத் திறந்து பார்த்தா. சதாசிவத்தின் மனைவிதான் ஒரு வழி சொன்னா: பியசேனவிடம் பாணும் பருப்பும் கேட்கலாம், பருப்பு எங்கள் சட்டியில் காய்ச்சலாம். எல்லோரும் சரி என்றார்கள். முதல் நாளே இந்த யோசனை ஏன் ஒருவருக்கும் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. காசிம் நானா மறுநாள்தான் வருவார். நான் பஸ் பிடித்தேன்.

ஓர்ஸ் ஹில் ஏறி வந்து பார்த்தால், வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினேன். கதவு திறக்கவில்லை, யன்னல் திறந்தது. பாக்கியம் தலை குளித்து, கூந்தலை விரித்துப் போட்டிருந்தாள்.

"நீங்களோ? லீவு முடிஞ்சுதோ?"

"நாளையோட முடியுது."

"எனக்கும் நாளையோடதான்" என்றாள்.

"சாப்பிட்டீரோ?"

"சந்தியில பாணும் வாழைப்பழமும் வாங்கினன். பிறகு படுத்தனான். பிறகு எழும்பி வாசல்ல இருந்து கப்பல் பாத்தனான். ரெண்டு கப்பல் நிக்குது." அவளுடைய குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். "ஒருத்தரும் இல்லாமல் இந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை. நல்ல வீடு."

"நான் உள்ளுக்கு வாறதோ?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், முகத்தில் தெரிந்தது.

"வந்தால் தேத்தண்ணி கேப்பியள்" என்றாள்.

கேட்க மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். கேட்பேன். நான் வீட்டுக்குள் வந்து இருந்து தேநீர் வராமல் போன நாள் ஒன்றும் கிடையாது; அதை நான் கேட்டுத்தான் பெற்றேனா என்பதும் எனக்கு ஞாபகமில்லை. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையை ஒரு முறை தட்டிவிட்டு, "நாளைக்குப் பின்னேரம் வாங்கோ" என்று யன்னலைச் சாத்தினாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லொட்ஜ் உண்டு. முதலாளி என் பையைப் பார்த்துவிட்டு, "எங்கயிருந்து வாறியள்?" என்று கேட்டார்.

"ஓர்ஸ் ஹில்லில இருந்து."

அவர் கதவு வழியாக மேட்டைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். "அங்க வீடு இருக்குதே?"

"இருக்கு. மனிசி அதில விடுமுறைக்கு வந்து நிக்கிறா."

எத்தனையோ விதமான மனிதரைப் பார்த்தவர் போலிருக்கிறது. சாவியைத் தந்தார். சாப்பாடு அங்கே கிடையாது என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் துறைமுகக் கரைக்கு இறங்கிப் போய் ஒரு கல்லில் இருந்தேன். சரித்திரப் பிரசித்தி பெற்ற தண்ணீர், செலவில்லாத இருக்கை. கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். அவள் சொன்னது சரி; இரண்டு கப்பல் நின்றது. மேட்டிலே வீடுகளில் இராச்சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு புகைக்கூடாகப் புகை எழும்பிக் கடற்காற்றில் சரிந்தது. நான் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீடு எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அந்த ஒன்றுக்கு மேலே மட்டும் வானம் துப்புரவாக இருந்தது.